மாதமா, தினமா, அரைமணியா? பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் தகவலை எந்த அளவுக்குக் கொடுக்கலாம்

பிரிட்டனில் கரண்ட், கேஸ் தரும் நிறுவனங்களின் இணையக் கணக்கில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் ஸ்மார்ட் மீட்டரிலிருந்து ரீடிங்கை எவ்வளவு அடிக்கடி எடுத்துக்கொள்ளலாம்? மாதம் ஒருமுறை, தினம் ஒருமுறை, அரைமணிக்கு ஒருமுறை என்று மூன்று விடைகள். நிறுவனம் மாறும் அவசரத்தில் யூனிட் விலையையும் டைரக்ட் டெபிட் தொகையையும் பார்க்கிற கண்ணில் இந்தக் கேள்வி படுவதே இல்லை. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பலர், ஏற்கெனவே டிக் செய்து வந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது. வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த நாளில் ஆளே இல்லை, யார் நைட் ஷிஃப்ட் போகிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லும். அதே எண்கள் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு மிச்சப்படுத்தவும் உதவும். எந்த வீட்டுக்கு எந்த விடை பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு. இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீடுகளுக்கு.

மீட்டர் எழுதுவது ஒன்று, அனுப்புவது இன்னொன்று

நீங்கள் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தாலும் மீட்டர் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாது. இப்போது பொருத்தப்படும் எஸ்மெட்ஸ்2 வகை மின் மீட்டர், ஒவ்வொரு அரைமணிக்கும் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு 48 எண்கள். 13 மாதத்துக்கான எண்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். கிட்டத்தட்ட 19,000 எண்கள். உங்கள் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எதுவும் மீட்டருக்குள் இல்லை. இந்த எண்கள் இன்னார் வீட்டினுடையவை என்று சேர்த்துப் பார்ப்பது நிறுவனத்தின் கணினியில்தான் நடக்கிறது.

மின் மீட்டரோடு ஒட்டி ஒரு சிறிய பெட்டி இருக்கும். கம்யூனிகேஷன்ஸ் ஹப் என்பார்கள். வீட்டுக்குள்ளே ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோவில் அது கேஸ் மீட்டரோடும், செலவைக் காட்டும் சமையலறைத் திரையோடும் பேசுகிறது. வெளியுலகத்தோடு பேசுவதற்கு வேறு வழி: தெற்கிலும் நடுப்பகுதியிலும் மொபைல் நெட்வொர்க், வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நீண்டதூர ரேடியோ. உங்கள் வைஃபைக்கு இதில் எந்த வேலையும் இல்லை. எல்லாத் தகவலும் டிசிசி என்ற தேசிய அமைப்பின் வழியாகப் போகிறது. 2013ல் இதற்கு உரிமம் வழங்கப்பட்டது. மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிய நிலையில் வரும் தகவலைப் பூட்டிய நிலையிலேயே கடத்திவிடுவது அதன் வேலை. நாட்டிலுள்ள எல்லா வீடுகளின் பயன்பாடும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் கிடங்கு எதுவும் கிடையாது. உங்கள் வீட்டுக் கணக்கின் கிடங்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்த மீட்டர்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. இன்றைக்கு "மாதம் ஒருமுறை போதும்" என்று சொல்வதால் அரைமணித் தகவல் அழிந்துபோவதில்லை. அடுத்த ஆண்டு மின்சாரக் கார் வாங்கி, எந்தக் கட்டணம் லாபம் என்று ஒப்பிட நினைத்தால், அன்றைக்கு அனுமதி கொடுத்துக் கடந்த 13 மாதக் கணக்கையும் மீட்டரிலிருந்து எடுக்கலாம். குறைவாகக் கொடுத்துத் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதில்லை. நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்ட எண்களை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்றால்

சட்டப்படி மறுக்கலாம். பொருத்தித் தருவதாகச் சொல்வது நிறுவனத்தின் கடமை; ஏற்றுக்கொள்வது வீட்டாரின் கடமையல்ல. வாடகை வீட்டில் இருந்தாலும், கரண்ட் பில் உங்கள் பெயரில் வந்தால் முடிவு உங்களுடையது. வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் தகவல் பற்றிய கவலைக்காக மட்டும் மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய மீட்டரில் மாதாமாதம் டார்ச் அடித்து நீங்களே ரீடிங் பார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பில் உத்தேசக் கணக்கில் வரும். குளிர்காலத்தில் குறைவாகப் போட்டுவிட்டு, ஏப்ரலில் மொத்தமாக நிலுவை என்று ஒரு தொகை வந்து நிற்கும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இது உண்மையான தொல்லை. இரவு நேர மலிவுக் கட்டணத்துக்கு ரேடியோ டெலிஸ்விட்ச் (வானொலிச் சமிக்ஞையால் மீட்டரை மாற்றும் கருவி) வைத்திருந்த வீடுகளுக்கு மறுப்பதில் அர்த்தமே இல்லை. நீண்ட அலை வானொலியில் வந்துகொண்டிருந்த அந்தச் சமிக்ஞையை 2025 ஜூன் முடிவில் கட்டம் கட்டமாக நிறுத்தத் தொடங்கினார்கள். சமிக்ஞை நின்றால் ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் தப்பான நேரத்தில் ஓடும், அல்லது ஓடாமலே கிடக்கும்.

மீட்டரை வைத்துக்கொண்டு தகவலை மட்டும் குறைக்க வழியில்லாத ஊராக இருந்தால் மறுப்பை நானும் ஆதரித்திருப்பேன். நெதர்லாந்தில் 2009ல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்ட முன்வரைவை செனட் திருப்பி அனுப்பியது அந்தரங்கக் கவலையால்தான். பிரிட்டனில் வழி இருக்கிறது.

மாதம் ஒருமுறை

பில் போடுவதற்கு நிறுவனத்துக்கு இது போதும். இதற்கு உங்கள் தனி அனுமதி தேவையில்லை. கொடுக்கக்கூடியதில் மிகக் குறைந்த அளவு இதுதான். பில் துல்லியமாக வரும், ரீடிங் எடுக்கும் வேலை மிச்சம், வீட்டு நடமாட்டம் பற்றி வெளியே எதுவும் தெரியாது. மாதத்துக்கு 220 யூனிட் ஓடியது என்பதை வைத்து யாரும் உங்கள் வாழ்க்கையைப் படிக்க முடியாது.

குறை என்னவென்றால், பில் திடீரென்று எகிறினால் எந்த நாளில் எகிறியது என்று நிறுவனத்தின் ஆப்பில் பார்க்க முடியாது. அதற்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது, கீழே வருகிறேன்.

தினம் ஒருமுறை

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நிறுவனம் தினசரி ரீடிங் எடுக்கலாம். விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. வழக்கமான விதிப்படி, வேண்டாம் என்று சொன்னால் மாதத்துக்கு இறங்கிவிட வேண்டும்; புது ஒப்பந்தத்தில் மாதம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம் என்பது, கரண்ட், கேஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2023ல் கணக்குப் போட்ட சராசரி வீடு. அப்படியென்றால் நாளுக்கு ஏழரை யூனிட் போல. தினசரி ரீடிங்கில் இது 7, 8, 7, 2, 2, 2, 9 என்று தெரியும். நடுவில் 2 வந்த நாட்களில் நீங்கள் ஊரில் இல்லை என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் அதிகம் தெரியாது.

பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு. வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் இமர்ஷன் ஹீட்டரின் ஸ்விட்சை அணைக்க மறந்தால் அது 3 கிலோவாட் இழுக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தால் நாள் முழுக்க ஓடும். தினசரி வரைபடத்தில் மறுநாளே அந்த நாளுக்கான கம்பம் நீண்டு நிற்கும். மாதக் கணக்கில் அது பில் வந்த பிறகுதான் தெரியும். ஆப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்குத் தினசரி நல்ல இடைவழி.

அரைமணிக்கு ஒருமுறை

இங்கேதான் யோசிக்க வேண்டியது அதிகம். வழக்கமான விதிப்படி இதற்கு நீங்களே முன்வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அண்மைக்கால மாற்றம் ஒன்றையும் கவனிக்க வேண்டும்: மொத்த விற்பனை மின் சந்தையில் நிறுவனங்கள் வாங்கிய மின்சாரத்தை அரைமணி வாரியாகக் கணக்குத் தீர்க்கும் முறைக்கு நாடு முழுவதையும் மாற்றும் வேலை 2025ல் தொடங்கியது. அந்தக் கணக்குத் தீர்ப்புக்கும், நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்ற கணிப்புக்கும் அரைமணித் தகவலை எடுப்பது வழக்கமாகும், வேண்டாதவர்கள் மறுத்துச் சொல்லலாம் என்று ஆஃப்ஜெம் 2021ல் முடிவு செய்தது. ஆகவே புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது டிக் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். கணக்குத் தீர்ப்புக்கு என்று கேட்பதும் ஆலோசனை, சலுகை, ஆய்வு என்று கேட்பதும் தனித்தனி அனுமதிகள். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுக்கலாம்.

அரைமணி எண்ணில் என்ன தெரியும்? கெட்டில் 3 கிலோவாட், மூன்று நிமிடம் கொதித்தால் 0.15 யூனிட். ரைஸ் குக்கர் 700 வாட், 25 நிமிடம் என்றால் 0.3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே அரைமணியில் விழுந்தால் 0.44 என்று ஒரே எண்தான் இருக்கும். டீயா சோறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 9 கிலோவாட் எலெக்ட்ரிக் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் ஒன்றரை யூனிட். அது ஒளிந்துகொள்ளாது. காலை ஐந்தரைக்கு ஒன்றரை, ஏழு மணிக்கு ஒன்றரை என்று இரண்டு கம்பங்கள் தினமும் நின்றால், இரண்டு பேர் எந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். வீடு காலியாக இருக்கும் நேரத்தில் ஃபிரிட்ஜும் ரவுட்டரும் மட்டும் ஓடும் ஒரு தட்டையான கோடு தெரியும். ஒரு மாதத் தகவல் இருந்தால் நைட் ஷிஃப்ட் போகும் நர்ஸின் பணிப்பட்டியலையே வரைந்துவிடலாம்.

இடைவெளி குறையக் குறைய எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. மியூன்ஸ்டரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011ல், இரண்டு விநாடிக்கு ஒருமுறை எண் அனுப்பிய ஒரு மீட்டரை ஆராய்ந்தார்கள். டிவி திரையின் வெளிச்சம் ஏறி இறங்குவதற்கேற்ப மின் இழுப்பும் ஏறி இறங்குவதால், என்ன படம் ஓடுகிறது என்பதைக்கூட அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். அரைமணித் தகவலில் அது முடியாது. அதற்காக அரைமணி ஒன்றும் தெரியாத எண் என்றும் ஆகிவிடாது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தது பற்றிய வழக்கில், ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் அதை வீட்டுக்குள் நடத்தும் சோதனை என்றே வகைப்படுத்தியது. மின்வலையை நடத்துவதற்காக எடுக்கிறார்கள், காவல்துறைக்காக அல்ல என்பதால் நியாயமான சோதனை என்று அனுமதித்தது. மின் மீட்டர் எண் வெறும் பில் விவரம் என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பு நினைவில் இருக்கட்டும்.

சரி, இவ்வளவையும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? நேரத்துக்கேற்ற விலை. ஆக்டோபஸ் நிறுவனத்தின் அஜைல் கட்டணத்தில் ஒவ்வொரு அரைமணிக்கும் விலை வேறு; மறுநாள் விலைகள் மாலை நான்கு மணிவாக்கில் வெளியாகும். காற்று பலமாக வீசும் இரவுகளில் விலை சுழியத்துக்குக் கீழே போனதும் உண்டு. குளிர்கால மாலை நான்கிலிருந்து ஏழு வரை நன்றாக ஏறும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கென்று நள்ளிரவு மலிவுக் கட்டணங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் அரைமணித் தகவல் இல்லாமல் நடக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகலில் யூனிட் 25 பென்ஸ், நள்ளிரவில் 8 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 2,000 யூனிட் தேவை என்றால், அதை முழுக்க இரவுக்கு மாற்றுவதில் 340 பவுண்டு மிச்சம். கார் இல்லாத ஃபிளாட்டில் மாற்றக்கூடியது வாஷிங் மெஷினும் டிஷ்வாஷரும்தான். வாரம் நான்கு முறை துணி துவைக்கிறீர்கள், ஒருமுறைக்கு ஒரு யூனிட். இரவுக்கு மாற்றினால் வாரத்துக்கு 68 பென்ஸ், ஆண்டுக்கு 35 பவுண்டு. நள்ளிரவில் மெஷின் அதிர்ந்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்பது தனி. மாலை ஐந்து முதல் ஏழு வரை மின் அடுப்பு எரிந்தே தீரும் வீடுகளில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் சமையல் தொடங்கும் வீடுகளில், நேரக் கட்டணம் பில்லை ஏற்றிவிடவும் கூடும். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது இந்த நிலைதான் என்று நினைக்கிறேன்.

என் பார்வையில் கார், ஹீட் பம்ப், வீட்டு பேட்டரி, சோலார் இவற்றில் ஒன்றாவது இருந்தால் அரைமணி பொருந்தும். இல்லாதவர்கள் பில்லில் உறுதியான பலன் தெரியாமல் கொடுக்கத் தேவையில்லை.

வீட்டைவிட்டு வெளியே போகாத வழி

பலருக்கும் தெரியாத நல்ல செய்தி இது. மீட்டரோடு இலவசமாகத் தரும் சமையலறைத் திரை, நீங்கள் நிறுவனத்துக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதோடு சம்பந்தமில்லாமல் வேலை செய்யும். மின்சாரத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை காட்டும். கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுவதால் அரைமணிக்கு ஒருமுறைதான் விழித்து எண் கொடுக்கும். மாத ரீடிங் மட்டும் கொடுத்திருக்கும் வீட்டிலும் இந்தத் திரையில் இன்றைய செலவு, நேற்றைய செலவு, போன வாரத்துச் செலவு எல்லாம் தெரியும்.

சனிக்கிழமை காலை அந்தத் திரையை அடுப்பருகே வைத்துப் பாருங்கள். ஒன்றும் ஓடாதபோது 150 வாட் போல நிற்கும். கிரைண்டரைப் போட்டால் கொஞ்சம்தான் ஏறும். உளுந்து அரைப்பதற்குப் பயந்து நேரம் பார்க்க வேண்டியதில்லை. கெட்டிலைப் போட்டால் ஒரே தாவலில் 3 கிலோவாட். ஓவனைச் சூடாக்கினால் இரண்டுக்கு மேல் போய், பிறகு விட்டு விட்டு ஏறி இறங்கும். எது எவ்வளவு தின்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குக்கூடக் கற்றுக்கொடுக்கலாம். இதில் ஒரு எண்கூட வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஆலோசனை தருகிறோம், அதனால் அரைமணித் தகவல் கொடுங்கள் என்று கேட்கும் நிறுவனங்கள் சொல்லும் ஆலோசனையில் பெரும்பகுதி இந்தத் திரையிலேயே இருக்கிறது.

இதற்கு அடுத்த படி, கன்ஸ்யூமர் ஆக்சஸ் டிவைஸ் என்ற சிறு கருவி. சமையலறைத் திரை போலவே மீட்டரோடு இணைந்து, பத்து விநாடித் தகவலை உங்கள் வைஃபைக்குக் கொண்டுவரும். ஆக்டோபஸ் ஹோம் மினி, ஹில்டிபிராண்ட் நிறுவனத்தின் குளோ போன்றவை இந்த வகை. பயன் அதிகம், ஆனால் கவனம் வேண்டும். கருவி விற்றவரின் சர்வருக்குத் தகவல் போகிறதென்றால், நிறுவனத்துக்குக் கொடுக்க மறுத்த அரைமணித் தகவலைவிட 180 மடங்கு நுணுக்கமான தகவலை இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள். உள்ளூர் கணினிக்கு மட்டும் அனுப்பும்படி அமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது அருமையான வழி. மற்றவர்களுக்குச் சமையலறைத் திரையே போதும்.

மூன்றாம் நபர்கள்

கட்டண ஒப்பீட்டுத் தளங்களும் சேமிப்பு ஆப்களும் உங்கள் வெளிப்படையான சம்மதத்தோடு டிசிசி வழியாக மீட்டரிலிருந்து நேரடியாகத் தகவல் எடுக்கலாம். கேட்பவர் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று சரிபார்ப்பதும், அனுமதி நடப்பில் இருப்பதை அவ்வப்போது நினைவூட்டுவதும் அவர்கள் கடமை. ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வழி: 13 மாதக் கணக்கை எடுக்கவிட்டு, எந்தக் கட்டணம் எவ்வளவு வரும் என்று பார்த்து, உடனே அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். ஆப்பை ஃபோனிலிருந்து நீக்கினால் அனுமதி ரத்தாகாது. அமைப்புகளுக்குள் போய் ரத்து செய்ய வேண்டும், அல்லது எழுதிக் கேட்க வேண்டும்.

தெருவுக்குக் கேபிள் போடும் மின்வலை நிறுவனங்களுக்குத் தனி விதி. பல வீடுகளின் எண்களைச் சேர்த்து, தனி வீடு தெரியாதபடி வைத்துக்கொள்ளும் திட்டத்துக்கு ஆஃப்ஜெம்மின் ஒப்புதல் பெற்றால் அவர்கள் அரைமணித் தகவலைப் பயன்படுத்தலாம். தெருவில் கார் சார்ஜர்கள் பெருகும்போது எந்த டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது என்று தெரிய இது தேவை. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த வீட்டுக்கு எது

ஓய்வு பெற்ற அப்பா அம்மா தனியாக இருக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை கொடுத்து, சமையலறைத் திரையைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் வேறு ஊரிலிருந்து ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் தினசரிக்கு மாற்றலாம், அவர்களிடம் கேட்டுவிட்டு. வேலைக்குப் போகும் குடும்பம், கார் பெட்ரோலில் ஓடுகிறது, கேஸ் பாய்லர் என்றால் தினசரி. வீட்டில் நைட் ஷிஃப்ட் ஆள் இருந்தாலோ, பலர் அறைகளைப் பகிர்ந்திருக்கும் வீடாக இருந்தாலோ நான் மாதத்துக்கே சாய்வேன். பில் ஒருவர் பெயரில் இருக்க, நடமாட்டம் எல்லோருடையதும் தெரிகிறது. மின்சாரக் கார் வந்த நாளிலிருந்து அரைமணி.

நிறுவனம் மாறும்போது பழைய நிறுவனத்திடம் சொன்ன விடை கூடவே வராது. புதிதாகச் சொல்ல வேண்டும். வீடு மாறும்போது இன்னொரு வேலை இருக்கிறது. எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள் என்று நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய கணக்கு அடுத்து வருபவருக்குத் தெரியாதபடி மீட்டரைப் பூட்டும் கட்டளை ஒன்று அவர்களிடம் உண்டு. சாவியை ஒப்படைப்பதற்குமுன் அதைச் செய்யச் சொல்லி எழுதிக் கேளுங்கள். நீங்கள் குடிபுகும் வீட்டிலும், முன்பு இருந்தவரின் செலவு திரையில் தெரிந்தால் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.